கோடை விடுமுறைப் பார்பிக்யூ விருந்துகளில் உடல்நலம் கெடாமல் சாப்பிடுவது எப்படி?

நியூ ஜெர்சிக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது என்றும், மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே தொடங்கி, அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 வழியாக, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே வரை யாராவது ஒருவர் பார்பிக்யூவுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றும், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக மருத்துவர் எச்சரித்திருக்கும் நிலையில் அழைத்தவர் மனம் நோகாமல் எதைச் சாப்பிடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். பதினான்கு ஆண்டுகளாக இதே மாநிலத்தில் இதே விருந்துகளுக்குப் போய்வருபவன். ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, 6.1 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று கணக்கு. அன்றிலிருந்து தட்டைப் பார்த்துப் போடக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்களில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று, உடன் பணிபுரியும் அமெரிக்கர் ஒருவருடைய வீட்டுக் கொல்லைப்புறத்தில் விருந்து. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. பன்னில் வைத்துத் தரும் பதப்படுத்திய சாசேஜான ஹாட் டாக் உடம்புக்கு நல்லதில்லை என்பதும் தெரியும். ஆகவே கிரில் இருந்த பக்கமே போகாமல், பக்க உணவுகள் பரப்பியிருந்த மேசையிலிருந்து உருளைக்கிழங்கு சாலட், பேக்ட் பீன்ஸ், வெண்ணெய் பூசிய சோளக்கதிர், இரண்டு கைப்பிடி சிப்ஸ், பெரிய குவளை நிறைய லெமனேட் என்று எடுத்துக்கொண்டு, எல்லாம் சைவம்தானே என்ற நிம்மதியோடு உட்கார்ந்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தபோது மானி 196 காட்டியது. அடுத்த மாதம் வேறொரு வீட்டில், சுட்ட கோழித்துண்டுகள் இரண்டும் ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய்கறி சாலடும் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தபோது 131. கிரில்லின் மேல் இருந்ததைக் கண்டு நான் பயந்தது பெருமளவு வீண் என்பதும், எனக்குக் கேடு செய்தது அதைச் சுற்றியிருந்த மேசைதான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அந்த மேசையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டின்னில் வரும் பேக்ட் பீன்ஸ் வகைகள் பலவற்றில், அரைக் கோப்பைக்கே பத்து கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை இருக்கும். வெல்லப்பாகு போன்ற மொலாசஸும் பழுப்புச் சர்க்கரையும் சேர்ந்த இனிப்புச் சாற்றில் மிதக்கும் பயறு அது. நம் ஊர்ச் சுண்டலை நினைத்துக்கொண்டு அதை அள்ளக் கூடாது. நீங்கள் சைவர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதில் பன்றி இறைச்சியான பேக்கன் துண்டுகள் கிடப்பது இங்கே வெகு சாதாரணம், கேட்டால்தான் சொல்வார்கள். உருளைக்கிழங்கு சாலடில் மாவுச்சத்தோடு மயோனைஸும் சேர்கிறது. மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு 90 கலோரிக்கு மேல் இருப்பதால், அரைக் கோப்பை சாலடே ஏறத்தாழ 180 கலோரியைத் தொட்டுவிடும். கோல்ஸ்லா என்பது முட்டைக்கோஸ்தான் என்றாலும், அதில் ஊற்றும் சாற்றில் பலர் தாராளமாகவே சர்க்கரை போடுகிறார்கள். ஹாட் டாக், பர்கர் இரண்டுக்கும் உரிய வெள்ளை பன் ஒவ்வொன்றிலும் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து உண்டு. ஒரு நடுத்தரச் சோளக்கதிரில் அதைவிடச் சற்றுக் குறைவு, நார்ச்சத்தும் உண்டு. எனவே பன் வேண்டுமா, சோளம் வேண்டுமா, உருளைக்கிழங்கு வேண்டுமா என்று மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். என் தேர்வு பெரும்பாலும் சோளம்தான். வெண்ணெய்க்குப் பதிலாக எலுமிச்சை மூடியில் மிளகாய்த்தூளையும் துளி உப்பையும் தொட்டு, மெரினா கடற்கரையில் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொள்வேன். இதைப் பார்த்துவிட்டு இப்போது இரண்டு அமெரிக்கக் குடும்பங்கள் எலுமிச்சை வாங்கி வைக்கத் தொடங்கியிருக்கின்றன.

தர்பூசணியைக் கண்டு சர்க்கரைக்காரர்கள் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள். இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் பழம் என்று அதற்குப் பெயர் உண்டு. ஆனால் அதன் எடையில் 92 விழுக்காடு தண்ணீர் என்பதால், ஒரு கோப்பைத் துண்டுகளில் இருப்பது 11 கிராம் மாவுச்சத்துதான். சிக்கல் அளவில் வருகிறது. வெயிலில் நின்றுகொண்டு கால்வாசிப் பழத்தைத் தின்றால் அந்தக் கணக்கு செல்லாது.

கிரில்லுக்கு வருவோம். கோழி, மீன், இறால், குச்சியில் கோத்த குடைமிளகாய், வெங்காயம், காளான், சுக்கினி எல்லாம் நமக்கு நண்பர்கள். தோல் நீக்கிய கோழி நெஞ்சுப்பகுதி 100 கிராமில் ஏறக்குறைய 165 கலோரியும் 31 கிராம் புரதமும் உள்ளன. இவ்வளவு புரதம் உள்ளே போனபின் சிப்ஸ் பையின் இழுப்பு தானாகவே குறைந்துவிடுகிறது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் தொட்டால், அதே உணவுக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. என் மானியும் அதை ஒப்புக்கொண்டது.

ஹாட் டாக், சாசேஜ் வகைகளில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடுகிறது என்று கணக்கிட்டது. 50 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு ஹாட் டாக். நாள்தோறும் என்ற சொல்லைக் கவனித்தால், ஜூலை 4 அன்று ஒன்று தின்றவர் அஞ்ச வேண்டியதில்லை என்பது புரியும். எனக்கு அதைவிட உடனடிக் கவலை உப்பு. ஒரு ஹாட் டாக்கில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் சோடியம், பன்னில் 200, ஒரு மேசைக்கரண்டி கெட்சப்பில் 150. இப்படி இரண்டு சாப்பிட்டால் 1,700. ஒரு நாள் முழுமைக்கும் உள்ள மேல்வரம்பே 2,300தான். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று.

கருகலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இறைச்சியைக் கடும் சூட்டில் சுடும்போது அதிலுள்ள அமினோ அமிலங்களும் கிரியேட்டினும் வினைபுரிந்து சில கேடான சேர்மங்கள் உருவாகின்றன. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகை வேறு சிலவற்றைக் கொண்டுவந்து இறைச்சியின் மேல் படியவைக்கிறது. விலங்குகளிடம் இவை புற்றுநோய் உண்டாக்கியதுபோல் மனிதரிடம் அவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை என்றாலும், குறைத்துக்கொள்ளும் வழிகள் எளியவை: அடிக்கடி திருப்பிப்போடுவது, தீ நாக்கு நேரே படாத ஓரத்தில் வைத்துச் சுடுவது, கருகிய பகுதியைச் சுரண்டி எறிவது, முன்கூட்டியே ஊறவைப்பது. புளிப்பும் மசாலாவும் சேர்த்து ஊறவைத்த இறைச்சியில் அந்தச் சேர்மங்கள் குறைவாக உருவாகின்றன என்று தெரிய வந்திருக்கிறது. தயிரும் இஞ்சிபூண்டும் மஞ்சளும் எலுமிச்சையும் தடவி இரவு முழுக்க ஊறவைக்கும் நம் பழக்கத்தைப் பெருமையாகவே தொடரலாம். இனிப்பான பார்பிக்யூ சாஸைத் தொடக்கத்திலேயே பூசினால் சர்க்கரை கருகிவிடும். பூசத்தான் வேண்டுமென்றால் இறக்கும் முன் பூச வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி சாஸில் 12 கிராமுக்குமேல் சர்க்கரை இருப்பதும் உண்டு. கான்சஸ் சிட்டி பாணிச் சாஸ் கெட்டியானது, இனிப்பானது. கிழக்கு வட கரோலினாவில் ஊற்றுவது வினிகரும் மிளகாயும் சேர்ந்த மெல்லிய சாறு, அதில் சர்க்கரை மிகவும் குறைவு. (அந்த ஊர்க்காரர்களிடமும் டெக்சாஸ்காரர்களிடமும் நம் கொல்லைப்புறப் பர்கரைப் பார்பிக்யூ என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு அந்தச் சொல், மெல்லிய சூட்டில் புகையில் பல மணி நேரம் வெந்த இறைச்சியை மட்டுமே குறிக்கும்.)

குடிப்பதில் ஒரே விதி: தண்ணீர், சோடா வாட்டர், சர்க்கரை போடாத தேநீர். 355 மில்லி கோக் டப்பாவில் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. லெமனேடும் பெயரளவில்தான் எலுமிச்சை. பீர் குடிப்பவராக இருந்தால் ஒன்றுக்கு 150 கலோரி என்று கணக்கு வையுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மது குடித்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம் என்பதால், அதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டு இறங்கவும் கூடாது.

இந்த விருந்துகளின் உண்மையான வில்லங்கம் அவற்றின் நீளம். ஒரு மணிக்கு வரச்சொல்வார்கள். கிரில் பற்றவே இரண்டரை ஆகும். ஜூலை 4 என்றால் வாணவேடிக்கை இருட்டிய பிறகு ஒன்பது மணிக்கு மேல்தான். விருந்துதானே என்று காலையிலிருந்து பட்டினி கிடந்து போனால், கோழி வேகும் முன்பே சிப்ஸிலும் டிப்பிலும் வயிறு நிறைந்திருக்கும். நான் கிளம்பும் முன் வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சாப்பிட்டுவிடுவேன். அங்கே ஒரே ஒரு தட்டு. பாதித் தட்டைக் காய்கறிக்கு விட்டு, மேசையிலிருந்து தள்ளிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு பந்து விளையாடவோ தெருவை ஒரு சுற்று சுற்றிவரவோ எழுந்துவிடுவேன். சாப்பிட்ட அரைமணிக்குள் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரையில் தெளிவாகத் தெரிகிறது. ஆளுக்கொரு உணவு கொண்டுவரும் பாட்லக் முறை என்றால் நான் கொண்டுபோவது எப்போதும் ஒரு பெரிய பாத்திரம் வெள்ளரி, தக்காளி, கொண்டைக்கடலை சாலட். வேறு எதுவும் சரிப்படாவிட்டாலும் அது இருக்கிறது என்ற தைரியம் போதும்.

அமெரிக்கர் வீட்டு விருந்தைவிட, கவுன்டி பூங்காவில் கொட்டகை எடுத்து நம்மவர் நடத்தும் பிக்னிக்தான் எனக்குக் கடினம். அங்கே கிரில் என்பது முன்னுரை. கபாப் முடிந்ததும் அலுமினியத் தட்டுகளில் பிரியாணியும் தயிர்சாதமும் குலாப்ஜாமுனும் திறக்கப்படும், நான்கு மணிக்கு மசாலா டீயோடு பஜ்ஜி. கபாபை முன்னுரையாக நினைக்காமல் அதையே சாப்பாடாக முடித்துக்கொண்டு, பிரியாணியில் ஒரு கரண்டி சுவைக்கு என்று நான் ஒதுக்கிவைக்கிறேன். அந்தச் சோற்றுத் தட்டுகள் பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை திறந்தே கிடப்பது இன்னொரு தொல்லை. வெளிவெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சமைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது, அதற்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம் என்பது இந்நாட்டு வேளாண் துறையின் வரம்பு. கோழியின் உட்புறம் 74 டிகிரியை எட்ட வேண்டும், அரைத்த இறைச்சி 71. நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட ஒரு சமையல் வெப்பமானி வாங்கிவிடுங்கள்.

மறுத்தால் தவறாக நினைப்பார்களா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கர்கள் ஒருமுறை வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள், காரணம்கூடக் கேட்பதில்லை. நம்மவர்களிடம் காரணம் சொன்னாலும் பயனில்லை, “அண்ணா, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது” என்று தட்டில் விழுந்துவிடும். ஆகையால் போனவுடன் கிரில் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டு விடுகிறேன். இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு தணலருகே நிற்பவனிடம் யாரும் தட்டை நீட்டுவதில்லை. வேண்டிய துண்டைக் கருகாமல் எடுத்துக்கொள்ளவும் வசதி. சென்ற மெமோரியல் டே அன்று மட்டும் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. வீட்டுக்காரரின் தாயார், ஊரிலிருந்து வந்திருந்தவர், ஒரு கிண்ணம் கேசரியோடு புகையைப் பொருட்படுத்தாமல் கிரில் வரை நடந்தே வந்துவிட்டார். இரண்டு கரண்டி போட வந்தவரிடம் கெஞ்சி ஒரு தேக்கரண்டி மட்டும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். நெய் சற்று அதிகம், ஆனால் நன்றாகவே இருந்தது.