ஃபேட் கட் ஒரே வாரத்தில் மங்குவது ஏன்? எந்த ஃபேட் எடுக்கலாம்?

ஃபேட் என்பது பக்கவாட்டிலும் பின்னாலும் முடி கீழே மிகக் குட்டையாகத் தொடங்கி, மேலே போகப்போகப் படிப்படியாக நீளும் வெட்டு. தலைமுடி வாரத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும். முடிவெட்டும் கிளிப்பரில் மாட்டும் 1-ஆம் எண் கார்டு (நீளத்தைத் தீர்மானிக்கும் சீப்பு) விடும் நீளமும் அதே 3 மி.மீ.தான். ஸ்கின் ஃபேடில் தோல் தெரிய மழித்த அடிப்பகுதி ஒரே வாரத்தில் அந்த அளவுக்கு வந்துவிடுவதால் ஃபேட் மங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போக முடியாதென்றால் ஸ்கின் ஃபேட் வேண்டாம். "லோ ஃபேட், கீழே 1, மேலே 3" என்று கார்டு எண் சொல்லியே கேளுங்கள். லோ ஃபேட் காதையொட்டியே நின்றுவிடும், ஹை ஃபேட் பக்கவாட்டில் உயரம் வரை ஏறும். பக்கவாட்டில் தழும்பிருந்தால் ஹை ஃபேட் அதை அப்பட்டமாகக் காட்டிவிடும்.

கார்டு இல்லாமல் வெட்டிய 0-க்கும் 1-க்கும் இடையே கோடு தெரிகிறதா? அரை எண் கார்டு போட்டு, லீவரை (வெட்டும் நீளத்தை நுணுக்கமாக மாற்றும் பக்கவாட்டுப் பிடி) கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே, கிளிப்பரை மேலே போகப்போக வெளிப்பக்கம் சாய்த்து எடுத்தால் மறையும். வீட்டில் பிடரி ஓரத்தை மட்டும் டிரிம்மரால் சுத்தம் செய்யுங்கள், ஃபேடில் கை வைக்காதீர்கள்.