டி.ஜே. வேலைக்குப் பாடல்களை இணையத்தில் எங்கே எடுப்பது? யூடியூபிலிருந்து மாற்றி எடுத்தால் தவறா?

கேள்வியைப் பார்த்தால், சீட்டுக் காசில் பாட்டுகளைக் கலந்து போடும் கருவியான ஒரு கொன்ட்ரோலரை வாங்கி, முதல் கலியாணத்துக்கு முற்பணமும் பெற்றுக்கொண்டு, லேப்டொப்பில் பாட்டில்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று பன்னிரண்டு வருடங்களாகப் பாட்டுப் போடுகிறேன்.

முதல் நான்கு வருடங்களில் நான் வைத்திருந்த பாடல்களில் காசு கொடுத்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. யூடியூப் முகவரியைக் கொடுத்தால் எம்.பி.3 ஆக்கித் தரும் தளங்களில்தான் எல்லாவற்றையும் எடுத்தேன். பக்கத்தில் 320 (ஒரு விநாடிக்கு எத்தனை கிலோபிட் ஒலித்தரவு என்ற கணக்கு) என்று போட்டிருந்தால் தரமானது என்று நம்பினேன்.

ஒருநாள் நோர்வூட் பக்கம் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வரும்போது, தப்பு மேளத்தின் அடியோடு தொடங்கும் ஒரு பாட்டைப் போட்டேன். நம் மலையகத்துப் பாட்டு. யார் பாடியது என்று பார்க்காமலேயே இறக்கி வைத்திருந்தேன். பந்தி முடிந்ததும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கை கழுவிய ஈரம் காயாமல் ஸ்பீக்கர் பக்கம் வந்து நின்றார். "தம்பி, அதை இன்னொரு தடவை போடுங்கள்" என்றார். போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டவர், "சின்னக் குச்சி எங்கே போனது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். தப்புக்கு ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய குச்சி. அந்த மெல்லிய குச்சி பட்டுத் தெறிக்கிற சத்தத்தில்தான் அடிக்கு உயிர் வருகிறது. என் ஸ்பீக்கரில் அது ஈரத் துணியை அடிப்பதுபோல் மொத்தையாகக் கேட்டது. பாடியவரும் அடித்தவரும் அவரேதான். நான்கு பேர் கைக்காசு போட்டுப் பதிவு செய்த பாட்டு. என்னிடம் அவர் ஒரு சதமும் கேட்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நல்லதையே தந்திருப்போமே" என்று மட்டும் சொன்னார். இரவு நான் என் 25,000 ரூபாயை எண்ணி வாங்கும்போது, அவர் மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் இருக்க வேண்டிய இடத்தில், வெட்டிவிட்டது போல் வெறும் கறுப்பு. உண்மையான 320 கோப்பென்றால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை நிறம் தெரியும். யூடியூபே ஒலியைச் சுருக்கித்தான் வைத்திருக்கிறது. அதை 320க்கு மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன சத்தம் திரும்ப வராது.

நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் யூடியூபின் விதிகள் இப்படி இறக்குவதை அனுமதிக்கவில்லை என்பதில் சந்தேகமே இல்லை. மிகப் பெரிய மாற்றுத் தளம் ஒன்று இசை நிறுவனங்கள் போட்ட வழக்கால் 2017இல் மூடப்பட்டது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பிரதி எடுப்பது ஓர் உரிமை, பலர் முன்னால் ஒலிபரப்புவது வேறோர் உரிமை. பாட்டைக் காசுக்கு வாங்கினாலும் இரண்டாவது தானாகக் கிடைத்துவிடாது. பெரிய ஹோட்டல் நிகழ்ச்சியென்றால் அதற்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு வழி இருக்கிறது. ஐடியூன்ஸ் கடை 2012 முதல் இலங்கையிலும் உண்டு. அங்கே வாங்கும் பாட்டு பிரதி எடுக்க முடியாதபடி போடும் பூட்டில்லாத 256 கோப்பாக வரும், தமிழ்ப் படப் பாடல்களும் கிடைக்கும். நடன இசைக்குப் பீட்போர்ட் என்ற தளம் உண்டு. பேண்ட்கேம்ப் தளத்தில் கலைஞரிடமே வாங்கி, தரம் குறையாத வேவ் (WAV), ஃபிளாக் (FLAC) வடிவங்களில் இறக்கலாம். சவுண்ட்கிளவுடில் பாடியவரே தரவிறக்கத்தைத் திறந்துவிட்டிருந்தால் தாராளமாக எடுங்கள். கலைஞரே சில நிபந்தனைகளோடு பயன்படுத்த அனுமதித்திருக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் பாடல்களில் வணிகப் பயன்பாடு கூடாது என்ற குறி இருந்தால், கூலி வாங்கும் நிகழ்ச்சியில் போடாதீர்கள். ஸ்பொட்டிஃபை 2020 ஜூலையில் டி.ஜே. மென்பொருள்களை விட்டு விலகி, 2025இல் திரும்பி வந்தது. என்றாலும் அதன் விதிப்படி அது சொந்தமாகக் கேட்பதற்கு மட்டுமே.

"டொலருக்கு எங்கே போவது? ஊருக்கு உபதேசமா?" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். நியாயமான கேள்விதான். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது நானும் திணறினேன். பாட்டுத் தளத்துக்கு மாதம் 20 டொலர் சந்தா என்றால் 7,200 ரூபாய். அப்போது தோட்டத்தில் நாள் கூலி 1,000. அந்த வருடம் எல்லாச் சந்தாவையும் நிறுத்தினேன், ஆனால் பழைய தளங்களுக்குத் திரும்பவில்லை. இருந்த பாட்டையே போட்டேன். எல்லோராலும் அப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மண்டபத்துக்கும் கேக்குக்கும் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டுகிறார்கள். பாட்டுப் போட்டவனிடம் மட்டும் "பத்தாம் தேதி சம்பளம் போட்டதும் தருகிறோம்" என்கிறார்கள். அந்தப் பத்தாம் தேதி மூன்று மாதம் கழித்தும் வராது. எனக்கு இன்னும் இரண்டு வீட்டிலிருந்து மீதி வரவேண்டியிருக்கிறது. முற்பணமாகப் பாதியாவது வாங்காமல் பெட்டியைத் தூக்காதீர்கள். பாட்டுக்குக் காசு கொடுக்க நமக்கும் காசு வரவேண்டும்.

நோர்வூட் கலியாணத்தில் பார்த்த அந்த அண்ணனைத் தேடிப்போய்ப் பேசினேன். கையிலிருக்கும் நல்ல பிரதியை அனுப்புவதாகச் சொன்னார். அவர் இருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) சிக்னல் கிடையாது. தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே பஸ் நிற்கும் வளைவுக்கு ஏறி வந்து, அங்கே நின்றபடியே அனுப்பினார். நாலு நிமிடம் பத்து விநாடிப் பாட்டு, 44 எம்.பி. வேவ் கோப்பு. அதைப் போடும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவருக்கு 500 ரூபாய் போனில் அனுப்பிவிடுகிறேன். பாட்டுக்கு முன்னால் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மைக்கில் சொல்கிறேன். சின்னக் குச்சி இப்போது மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கிறது.