கல்வெட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்பவன், வயது 38. கடந்த தை மாதம் என் தாய்மாமா தமது 71ஆவது வயதில் காலமானார். நீண்ட காலமாகவே அவருக்கு நீரிழிவும் இருதய நோயும் இருந்தன. மாமா என்பதைவிட அவர் எனக்குச் சிநேகிதர். 2009இல் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளம் முகாமில் ஒரே தறப்பாளின் கீழ் படுத்தோம். 2010இல் ஊர் திரும்பி, பற்றை மூடிக் கிடந்த காணியை இருவருமாகத்தான் வெட்டித் துப்புரவாக்கினோம். நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். அது உடையும் சத்தத்தை வைத்தே, "இன்னும் ஒரு வெயில் வேணும் மருமோன்" என்பார்.

கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டில் கொடுத்த கல்வெட்டில், அதாவது மாமாவின் நினைவாக அச்சடித்த சிறு புத்தகத்தில், என் பெயர் இல்லை. கனடாவிலிருந்து வந்து ஒரு மாதம் நின்ற மச்சான்மார்தான் அதை எழுதிக் கொடுத்தார்கள். நன்றி நவிலலில் பந்தல் போட்டவரின் பெயர்கூட இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் இருந்த நான் "மருமக்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டேன். மாமாவின் சைக்கிளையும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். என் உழவு இயந்திர லீசிங்குக்கு மாமாதான் பிணை நின்றார். நான் இரண்டு தவணை பிந்தியதால் கார்த்திகையில் லீசிங்காரர் அவருடைய வீட்டுக்கும் போனார்களாம் என்று செத்தவீட்டுக்குப் பிறகு மாமி சொன்னார், அது வேறு கதை. அந்த நாள்களில் வயல் வேலை கூடியிருந்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் கல்வெட்டை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது. இரவில் நித்திரை இல்லை. மச்சான்மாரோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரிதானே?

அன்புள்ள சகோதரருக்கு,

கல்வெட்டைப் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், லீசிங்கைப் பற்றி ஒரே வசனம் எழுதி, அதையும் "அது வேறு கதை" என்று மூடிவிட்டீர்கள். உங்கள் நித்திரையைக் கெடுப்பது அந்த வசனம்தான் என்று நான் நினைக்கிறேன்.

கார்த்திகையில் வயலில் வேலை இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முந்திய கார்த்திகைகளிலும் அந்த வேலை இருந்தது. அப்போது நீங்கள் மாமா வீட்டுக்குப் போகாமல் இருக்கவில்லை. இந்த முறை தவணை பிந்திய வெட்கம் உங்களை மறித்திருக்கிறது. அவர் போன பிறகு அந்த வெட்கம் பயமாகிவிட்டது. மாமா என்மீது மனக்குறையோடு போனாரோ, என்னால்தான் போனாரோ என்ற பயம் அது. அதனால்தான் கல்வெட்டில் உங்கள் பெயரை மாமாவே விட்டுவிட்டதுபோல உங்களுக்குப் படுகிறது. அந்த நினைப்பைத் தாங்குவதைவிட மச்சான்மார்மீது கோபப்படுவது இலகுவாக இருக்கிறது.

நீண்ட கால நீரிழிவு இருதயத்துக்குக் குருதி கொண்டு போகும் குழாய்களை மெல்ல மெல்லக் கெடுக்கும். படலையில் வந்து நின்ற லீசிங்காரர் ஒரு நாளில் கொண்டு வந்த நோயல்ல அது. ஆனால், நடந்தது சிறிய விடயம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஊரில் மரியாதையாக வாழ்ந்த ஒரு முதியவரின் வாசலில் உங்கள் கடனுக்காக ஆட்கள் வந்து நின்றார்கள். அதை அவர் உங்களுக்குச் சொல்லவும் இல்லை. அந்த மௌனத்தை நினைத்து நீங்கள் இன்னும் அழவில்லை.

மச்சான்மார் பெயரை விட்டது பிழைதான். ஆனால் அது வஞ்சகமாக இருக்கத் தேவையில்லை. தகப்பனின் கடைசிக் காலத்தைத் தொலைபேசியில் மட்டும் அறிந்த பிள்ளைகள், துக்கத்துக்கு நடுவே அவசரமாக எழுதி அச்சுக்குக் கொடுத்தது அது. கடைவாயில் நெல்மணி உடையும் சத்தத்தை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்டு முடிவில் ஆட்டத் திவசத்துக்கு அவர்கள் வந்தால், அதை அவர்களுக்குச் சொல்ல உங்களைவிட வேறு யார் இருக்கிறார்கள்? கதைப்பதை நிறுத்தியது சரியல்ல.

முதலில், இந்தக் கிழமைக்குள் மாமியிடம் போங்கள். கல்வெட்டைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் பேச வேண்டாம். தவணைப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போய், மீதி எவ்வளவு, காலபோக நெல் விற்ற காசில் எவ்வளவு கட்டினீர்கள் என்பதை அவருக்குக் காட்டுங்கள். பிறகு, லீசிங்காரர் வந்து போன அன்று மாமா என்ன சொன்னார் என்று கேளுங்கள். மாமி அந்தச் செய்தியை உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது நீங்கள் திருப்பி என்ன கேட்டீர்கள் என்று எழுதவில்லை.