பத்து கிலோமீட்டர்தானே கூட? காரை நிறுத்தும் இயற்பியல்: கேள்வி பதில்

சார், ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீட்டரில் போவதற்கும் 60-இல் போவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

28 மீட்டர் முன்னால் ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கு வந்துவிடுகிறது என்று வையுங்கள். கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். 50-இல் வருபவர் அந்த நொடியில் 14 மீட்டர் ஓடியிருப்பார். காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 14 மீட்டர். மயிரிழையில் தப்பியாயிற்று. 60-இல் வருபவருக்கோ முதல் நொடியிலேயே 17 மீட்டர் போய்விட்டது, மிச்சம் 11தான். பிள்ளைமேல் மோதும்போது வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்! வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும்; பிரேக் கரைக்க வேண்டியது அந்த ஆற்றலைத்தான். பள்ளிக்கூடத் தெருவில் தயவுசெய்து 30-ஐத் தாண்டாதீர்கள்.

அப்பாவின் அம்பாசடர் இரும்புக் கோட்டை. இப்போதைய கார்கள் லேசாக இடித்தாலே அப்பளம்போல் நொறுங்குகின்றனவே?

முன்பக்கம் நொறுங்கத்தான் வேண்டும். மெர்சிடீஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பரேனி 1950களிலேயே சொன்ன யோசனை இது: முன்னும் பின்னும் நசுங்கட்டும், ஆள் இருக்கும் கூடு மட்டும் உறுதியாக நிற்கட்டும். 50-இல் சுவரில் மோதும் கார் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், பெல்ட் போட்டவர் உடம்பில் விழும் விசை அவர் எடையைப்போல் சுமார் 16 மடங்கு. பத்தே சென்டிமீட்டரில் நின்றால் கிட்டத்தட்ட 100 மடங்கு. கோட்டைக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருப்பவருக்குத்தான் ஆகும்.

ஒன்றரை வயது மகனை முன்சீட்டில் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். போதாதா?

போதாதம்மா. அதே 16 மடங்கு என்றால் 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 160 கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. உங்கள் பெல்ட்டுக்குள் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம்; உங்கள் எடை முழுவதும் அவன்மேல் அழுந்தும். பின்சீட்டில் குழந்தைக்கான தனி இருக்கை வாங்கிப் பொருத்துங்கள். விலை கூடத்தான், இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு கார்கள் 50-இல் நேருக்கு நேர் மோதினால் 100-இல் சுவரில் மோதியதற்குச் சமமா?

இல்லை. ஒரே எடை என்றால் ஒவ்வொன்றுக்கும் 50-இல் சுவரில் மோதியதற்குத்தான் சமம். ஆற்றல் இரட்டிப்பு, ஆனால் வாங்கிக்கொள்ளவும் இரண்டு கார்கள். எதிரே வருவது பத்து டன் லாரியாக இருந்தால் கதை வேறு. உந்தம், அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது, அதன் பக்கம். இரண்டும் சிக்கிக்கொண்டு சேர்ந்து நகர்ந்தால், ஒரு டன் கார் 50-இலிருந்து நொடிப்பொழுதில் பின்னோக்கி 41-க்குத் தள்ளப்படும்.

ஊட்டியிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போவது ஏன்?

சூடுதான். மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், 100-இல் ஓடும் காரை ஏறக்குறைய 48 முறை முழுவதுமாக நிறுத்திய வெப்பம் அதில் சேரும். பிரேக் திரவம் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். நியூட்ரலில் விடவே விடாதீர்கள். இரண்டாவது கியரில் இறங்குங்கள், சுமையில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கும். கருகல் வாசம் வந்தால் ஓரங்கட்டி அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான பிரேக் டிஸ்க் விரிசல் விடலாம்.