வீட்டு மைனிங் மெஷினுக்கு எந்த ரூட்டர்? கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கம் வீட்டில் பிட்காயின் மைனிங் மெஷின் வைத்திருப்பவர்களும், வைக்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் பார்ப்பது நெட்வொர்க் வேலை: கேபிளிங், கேமரா, வைஃபை. காயின் விலை ஏறுமா இறங்குமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை): சார், மூன்று மெஷின் எடுக்கப் போகிறேன். கடையில் வைஃபை 7 ரூட்டர் ஒன்றைக் காட்டி, மைனிங்குக்கு இதுதான் சரி, 15,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மைனிங் என்றதும் நெட் பறக்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பல பேரின் மெஷின்கள் சேர்ந்து வேலை செய்து வருமானத்தைப் பங்கிடும் குழுவுக்குத்தான் பூல் என்று பெயர். அந்தப் பூலின் சர்வர் உங்கள் மெஷினுக்கு ஒரு வேலையை அனுப்பும். கோடி கோடியாக ஹாஷ் என்ற கணக்கைப் போட்டுப் பார்ப்பதெல்லாம் மெஷினுக்குள், சிப்பிலேயே நடக்கிறது. தேறிய விடை கிடைத்தால் சில நூறு பைட் அளவில் ஒரு சின்னத் தகவல் பூலுக்குத் திரும்பிப் போகும். மொத்தத்தில் ஒரு மெஷினுக்கு வினாடிக்குச் சில கிலோபிட்தான். காலையில் பெரியப்பா அனுப்பும் குட்மார்னிங் வீடியோ இதைவிடக் கனம்.

ஆகவே வேகத்தைப் பார்க்காதீர்கள், அறுந்து போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நெட் அறுந்த நேரத்துக்கு வருமானம் கிடையாது. மூவாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும் சாதாரண வைஃபை 6 ரூட்டர் உங்களுக்குத் தாராளம். அதில் நான்கு விஷயம் இருந்தால் போதும். பின்னால் குறைந்தது மூன்று லேன் போர்ட், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரே ஐபி முகவரியை ஒதுக்கிவைக்கும் வசதி, கெஸ்ட் நெட்வொர்க் (வீட்டு வலையிலிருந்து பிரித்துவைத்த தனி வலை), கம்பெனி இன்னும் அப்டேட் விடுகிற மாடல். மிச்சப் பணத்துக்கு நல்ல கேபிள் வாங்குங்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர்): அண்ணா, பழைய ஆன்ட்மைனர் எஸ்19 ஒன்று கைக்கு வந்தது. வைஃபை செட்டிங் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மெஷின் மொட்டை மாடி ரூமில், ரூட்டர் கீழே ஹாலில்.

பதில்: தேடாதீர்கள் தம்பி, அதில் வைஃபையே கிடையாது. அந்த வகைப் பெரிய மெஷின்களுக்கு ஒரே ஒரு லேன் சாக்கெட்தான். மாடிக்குக் கேபிள் இழுப்பதுதான் நேர்வழி. கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்கு 20 மீட்டர் வருமா? வாங்கும்போது ‘முழுச் செம்பு’ என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவாகத் தருகிற சுருளில் பாதிக்கு மேல் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதுதான். முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாக மின்னும், அப்போதே தெரிந்துவிடும். நம் ஊர் உப்புக் காற்றில் அது சீக்கிரம் முறிந்துபோகும். வெயில் படும் இடத்தில் பைப்புக்குள் விட்டு இழுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்து நுழைக்க எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சுவரைத் துளைக்கவே முடியாது, வாடகை வீடு என்றால், லேன் போர்ட் உள்ள வைஃபை ரிப்பீட்டரை மாடியில் வைத்து, அதிலிருந்து மெஷினுக்குச் சின்ன கேபிள் போடலாம். இங்கேதான் ரூட்டரின் வைஃபை தரம் பேசும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கான்கிரீட் தளத்துக்கு மேல் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸை மறந்துவிட்டு 2.4-ஐ வையுங்கள்.

அப்புறம் ஒன்று. எஸ்19-இன் சத்தம் 75 டெசிபல். மாடி ரூம் என்பதால் தப்பித்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கேள்வி (புதுச்சேரி, வைட் டவுன்): பழைய காலத்து வீடு. பிட்ஆக்ஸ் என்ற சின்ன மெஷின் மேஜையில் இருக்கிறது. பக்கத்து அறையில் ரூட்டர். ஆனாலும் அடிக்கடி கனெக்‌ஷன் போய்விடுகிறது. பெரிய ஆன்டெனா வைத்த ரூட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: உங்கள் வீட்டுச் சுவர் செங்கலும் சுண்ணாம்பும், ஒன்றரை அடி இருக்கும். எத்தனை ஆன்டெனா வைத்தாலும் அந்தச் சுவர் பாதியை விழுங்கும். ஆன்டெனாவின் எண்ணிக்கையைப் பார்த்து ரூட்டர் வாங்குவதை நிறுத்துங்கள். போதாததற்கு பிட்ஆக்ஸில் இருப்பது இஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை சிப். அதன் குரல் ரூட்டருக்குக் கேட்பதும் முக்கியம். ரூட்டர் மட்டும் உரக்கக் கத்திப் பயனில்லை.

பிட்ஆக்ஸின் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் சிக்னல் அளவு மைனஸ் கணக்கில் காட்டும். மைனஸ் 65 வரை நிம்மதி. மைனஸ் 80-ஐத் தொட்டால் விட்டுவிட்டுத்தான் வரும். மெஷினை மேஜையின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு, கதவுக்கு நேராகத் தள்ளிவைத்துப் பாருங்கள். அந்த எண் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். சிக்னல் சுவர் வழியாக வருவதைவிடக் கதவு வழியாக வருவதுதான் அதிகம்.

உங்கள் தெருவில் விடுதிகளும் கஃபேக்களும் நிறைய. ஒவ்வொன்றும் ஒரு வைஃபை. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். இதையெல்லாம் செய்தும் சரியாகவில்லையென்றால், மெஷின் இருக்கும் அறைக்கே ஒரு கேபிள் கொண்டுபோய் அங்கே வைஃபை பரப்பும் சின்னப் பெட்டி (ஆக்சஸ் பாயின்ட்) ஒன்று. வேறு ரூட்டர் வாங்குவதைவிட அது மேல்.

கேள்வி (வில்லியனூர், கல்லூரி மாணவர்): அண்ணா, புது ரூட்டர் மாற்றியதிலிருந்து பிட்ஆக்ஸுக்கு வைஃபை பெயரே தெரியவில்லை. போனில் நன்றாக வருகிறது.

பதில்: அந்த மெஷினுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 2.4 அணைந்திருக்கிறதா, சேனல் 12, 13-க்குப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்துக் கலந்துவிடும், பிரித்து 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள். பாஸ்வேர்டில் வித்தியாசமான குறிகள் வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது. வினாடிக்கு 5 கிலோபிட் என்று வைத்தாலும் மாதம் முழுக்க ஒரு மெஷினுக்கு ஒன்றரை ஜிபி சொச்சம்தான். ஆனால் பிட்காயின் கணக்கேடு முழுவதையும் இறக்கிச் சரிபார்க்கும் நோடு ஒன்றைச் சொந்தமாக ஓட்டினால் கதை வேறு. முதல் தடவை மட்டுமே 600 ஜிபிக்கு மேல் இறங்கும்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக ஓடுகிறது. ஆனால் பூலில் சேர நேரம் எடுக்கிறது. கடலுக்குப் பக்கத்து வீடு வேறு. ரூட்டர் ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

பதில்: ரூட்டர் பார்ப்பதைவிட அதற்கு உயிர் கொடுக்கப் பாருங்கள். ஃபைபர் பெட்டி கரண்ட் வந்ததும் எழுந்து நெட் பிடிக்கவே சில நிமிடம் எடுக்கும். ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ரூட்டர் அடாப்டரின் மேல் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும், அதைத் தாங்குகிற யுபிஎஸ்ஸா என்று மட்டும் பாருங்கள். மெஷினை வீட்டு இன்வெர்ட்டரில் போடும் யோசனை வேண்டவே வேண்டாம். எஸ்19 என்றால் 3,250 வாட் அது.

பூலில் சேரும் முகவரியும் முக்கியம். மெஷினில் மூன்று பூல் கொடுக்க இடம் உண்டு. முதல் பூல் கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும், ஆகவே இரண்டாவதையும் மூன்றாவதையும் காலியாக விடாதீர்கள்.

உப்புக் காற்றுக்கு வருவோம். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது லேன் கனெக்டரைத்தான். எட்டு பின்னும் பளபளவென்று இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்வேன், சுத்தம் செய்து ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தங்க முலாம் தடிமனாக இருக்கும் கனெக்டர் சில ரூபாய் கூடுதல், போடுங்கள். மெஷினின் விசிறி நேராகக் கடல்பக்கக் காற்றை இழுக்கிற மாதிரி வைக்காதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றி உயரத்தில் வைத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கானது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்த வீடுகள் எத்தனை! தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருந்தவர்கள் கதை கேட்க வேண்டுமா.

கேள்வி (பாரிஸிலிருந்து): நான் பிரான்சில் இருக்கிறேன். மெஷின் முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டில். இங்கிருந்து மெஷினின் பக்கத்தைப் பார்க்க ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொல்கிறார் நண்பர், அதாவது வெளியிலிருந்து மெஷினுக்கு நேராக வழி திறக்கச் சொல்கிறார்.

பதில்: நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆன்ட்மைனர் வரும்போது அதன் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே ‘ரூட்’தான், உலகத்துக்கே தெரியும். அந்தப் பக்கத்தை இணையத்தில் திறந்துவைத்தால், உள்ளே வருகிறவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வாலட் முகவரியை மாற்றுவது. மெஷின் உங்கள் அம்மா கரண்டில் ஓடும், காசு வேறொருவருக்குப் போகும். அம்மாவுக்கு விசிறிச் சத்தம் கேட்கும், எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைப்பார்.

உங்களுக்குத்தான் ரூட்டரைப் பார்த்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் வயர்கார்டு விபிஎன் உள்ளேயே இருக்கிற மாடலைத் தேடுங்கள். மைக்ரோடிக்கில் உண்டு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருளை ஏற்றக்கூடிய ரூட்டர்களில் உண்டு, டிபி-லிங்க், ஆசுஸ் சில மாடல்களிலும் உண்டு. உங்கள் நெட் கம்பெனி பொது ஐபி தராமல் பல வீடுகளுக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்து கொடுத்தால் வெளியிலிருந்து நேராக நுழைய முடியாது. அப்போது டெயில்ஸ்கேல் போன்ற சேவையை அம்மா வீட்டில் எப்போதும் ஓடும் சின்னக் கணினி ஒன்றில் போட்டுவிடலாம். மைனிங்குக்கு அந்தப் பகிர்ந்த ஐபி ஒரு தடையே இல்லை, ஏனென்றால் மெஷின்தான் வெளியே போய்ப் பூலைத் தொடுகிறது.

மெஷினை வீட்டு வலையிலிருந்து பிரித்துத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்குங்கள். பல ரூட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் வைஃபைக்கு மட்டும்தான், கேபிளில் ஓடும் மெஷினுக்கு லேன் போர்ட்டையும் பிரித்துத் தருகிற மாடலா என்று பாருங்கள். அம்மாவின் போனும் வங்கி ஆப்பும் இருக்கிற அதே வலையில் எங்கிருந்தோ வந்த செகண்ட் ஹேண்ட் மெஷின் எதற்கு? வாங்கியதும் மெஷினுக்குள் இருக்கும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) அழித்துப் புதிதாக ஏற்றிவிடுவதும் நல்லது.

கேள்வி (மஞ்சக்குப்பம்): கேமிங் ரூட்டர் போட்டால் ரிஜெக்ட் குறையுமா?

பதில்: ரிஜெக்ட் என்றால் பூல் ஏற்காமல் தள்ளிவிடும் விடை. பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது கணக்கேட்டில் ஒரு புதுப் பக்கம். புது பிளாக் வந்ததும் பழைய வேலைக்கான விடை செல்லாது, அதுதான் ரிஜெக்டில் பெரும்பகுதி. உங்கள் ரூட்டர் அதில் சேர்ப்பது ஒன்றிரண்டு மில்லி செகண்ட். பூல் சர்வர் எந்த ஊரில் என்பதுதான் கணக்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகக் கடலடிக் கேபிள் போகிறது, ஆகவே பூலில் ஆசியா அல்லது சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க சர்வரை வைத்துக்கொண்டு கேமிங் ரூட்டர் வாங்குபவரைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (அரியாங்குப்பம்): போனிலேயே மைனிங் செய்யும் ஆப் வந்திருக்கிறது. பணம் கட்டினால் வேகம் கூடுமாம்.

பதில்: அது மைனிங் இல்லை அக்கா. பணம் கட்டாதீர்கள்.

கேள்வி (பண்ருட்டி): எல்லாம் சரி சார், கட்டுப்படியாகுமா? சட்டச் சிக்கல் உண்டா?

பதில்: ரூட்டர் கேள்வி இல்லை, ஆனாலும் ரூட்டர் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. எஸ்19 ஒன்று நாளுக்கு 78 யூனிட் இழுக்கும். இரண்டு மாத பில்லுக்கு 4,680 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டைத் தாண்டியதற்கு யூனிட் 11 ரூபாய்க்கும் மேல். பில் அரை லட்சத்தைத் தொடும். 2024 ஏப்ரலில் பிளாக்குக்கான பரிசு 6.25-லிருந்து 3.125 பிட்காயினாகப் பாதியானது. நம் ஊர்க் கரண்ட் விலையில் பழைய எஸ்19-ஐ லாபத்துக்கு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அவர் மெஷின் விற்பவராக இருப்பார்.

மைனிங் செய்யக்கூடாது என்று தனிச் சட்டம் இல்லை. வரி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீதம், கரண்ட் செலவைக் கழிக்க விடமாட்டார்கள். விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆசைக்கு என்றால் பிட்ஆக்ஸ் வையுங்கள். 15, 20 வாட்தான், மாதம் 15 யூனிட்டுக்குள் முடியும். தனியாக பிளாக் பிடிப்பது லாட்டரி என்று தெரிந்தே வைக்க வேண்டும்.

கேள்வி (ரெட்டியார்பாளையம்): ஆறு சின்ன மெஷின், எல்லாம் லேன் வகை. ரூட்டரில் நான்கு போர்ட்தான். பழைய ரூட்டர் ஒன்று அலமாரியில் கிடக்கிறது, அது உதவுமா?

பதில்: நன்றாக உதவும். பழையதில் டிஎச்சிபியை, அதாவது மெஷின்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை, அணைத்துவிடுங்கள். அதன் ஐபியை புது ரூட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள், புதியது 192.168.1.1 என்றால் பழையதுக்கு 192.168.1.2. வைஃபையையும் அணைத்துவிடுங்கள். பிறகு புதியதன் லேன் போர்ட்டிலிருந்து பழையதன் லேன் போர்ட்டுக்கு ஒரு கேபிள். ‘வான்’ என்று எழுதியிருக்கும் சாக்கெட்டில் சொருகிவிடாதீர்கள், அங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். வினாடிக்கு 100 மெகாபிட் மட்டும் தரும் போர்ட்டாக இருந்தாலும் பரவாயில்லை.