வயலில்தானே கூட்டம்?

அன்புள்ள அண்ணன்,

காடு போனால் வண்ணத்துப்பூச்சியும் போகும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல். மாரி மழை விட்டதும் வரம்பிலும் வேலியிலும் அதுகள் கூட்டங்கூட்டமாகப் பறக்கும். போன மாதம் குடும்பிமலைக் காட்டுக்குப் போனோம். நிழலுக்குள் நடந்த நேரம் முழுக்கக் கண்ணில் பட்டது நாலைந்துதான். அப்படியென்றால் வயல்தானே அதுகளுக்கு நல்லது?

படுவான்கரை வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் கண்ணால் கண்டதை நான் மறுக்கவில்லை. பறப்பதற்கு முன் வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பு சூடேற வேண்டும். வயலில் வெயிலுக்கும் பஞ்சமில்லை, வரம்பில் பூவுக்கும் பஞ்சமில்லை. காட்டில் வெயில் விழுவது மர உச்சியில். பல இனங்கள் அங்கேயே பறந்து திரிவதால் கீழே நடக்கிற நமக்குத் தெரிவதில்லை. சிலது பூவுக்கே வராது. அழுகின பழத்தையும் மரத்தில் வடியும் சாற்றையும் தேடிப் போகும். இலங்கைக்கே உரிய ஓர் இனம் இறக்கையை மூடினால் காய்ந்த இலையேதான். பக்கத்தில் நின்றாலும் பிடிபடாது.

அப்புறம், எத்தனை பறக்கிறது என்பது ஒரு கணக்கு, எத்தனை வகை பறக்கிறது என்பது வேறு கணக்கு. இலங்கையில் ஏறத்தாழ 250 இனங்கள் உண்டு. உங்கள் வரம்பில் திரிவது பெரும்பாலும் எருக்கலையில் வளரும் செம்மஞ்சள், தேசியில் வளரும் கறுப்பும் மஞ்சளும், கொன்றையில் வளரும் வெளிர்மஞ்சள். இவற்றை இந்தியாவிலும் அதற்கு அப்பாலும் திறந்தவெளிகளில் காணலாம்.

தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் வரும் பூச்சி, முட்டையிட எந்தச் செடிக்கும் போகாது. புழுவுக்கு அதற்கான இலைதான் வேண்டும். நெல்லைத் தின்று வளரும் இனமும் உண்டு: பொழுதுபட்டதும் விளக்குக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பழுப்பு நிறப் பூச்சி. அதற்கு வயல் நல்லதுதான். காட்டு நிழலில் மட்டும் முளைக்கும் செடியை நம்பியிருப்பதற்கு வயலில் என்ன வேலை?

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் வளவில் கறிவேப்பிலை நின்றால் அதில் வளரும் கரிய வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெண்களில் ஒரு சாரார் ஆணைப்போல் இருப்பதில்லை. சிவந்த உடம்பும் சிவப்புப் புள்ளியும் கொண்ட வேறோர் இனத்தைப் போல வேடம் போடும். அந்த வேறு இனம் ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று வளர்வதால் உடம்பில் நஞ்சு. ஒருமுறை தின்று பார்த்த குருவி மறுமுறை அந்தச் சிவப்பைத் தொடாது. வேடக்காரி அந்தப் பயத்தில் பிழைக்கிறாள். ஆனால் நஞ்சுள்ளது ஊரில் நிறைய இருந்தால்தான் வேடம் எடுபடும். வேலியை வெட்டி அந்தக் கொடியை அழித்துவிட்டால், கறிவேப்பிலை வளவில் நின்றும் வேடத்தால் பெரிய பயன் இருக்காது.

ஆகவே வயல் என்றால் எந்த வயல் என்று நான் கேட்பேன். உயிர்வேலியும் விட்டுவைத்த மரமும் பக்கத்தில் பற்றைக்காடும் உள்ள வயலில் வகையும் கூடும். காட்டு விளிம்பில் இரண்டு பக்கத்துப் பூச்சிகளும் கலப்பதால், சில நேரம் நடுக்காட்டைவிட அங்கே அதிகமாகவே தெரியும். வரம்புக்குக் களைநாசினி அடித்து, வேலிக்குக் கம்பி இழுத்த வயலில் இதை எதிர்பார்க்க முடியாது.

அம்பாறையில் ஒப்பிட்டுப் பார்க்க வசதி உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் பெருங்காடு வயலானது. அந்தத் திட்டத்தின் குளத்துக்கு மழைநீர் வந்து சேரும் நீரேந்து பகுதியைக் காக்க 1954இல் தேசிய பூங்கா அமைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு நாளில் பார்த்துவிடலாம்.

குடும்பிமலைக்குத் திரும்பப் போவதென்றால் நிழலுக்குள்ளேயே நடக்க வேண்டாம். வெயில் ஏறினபிறகு ஓடைக்கரையின் ஈரமணலில் நின்று பாருங்கள். உப்பு உறிஞ்ச ஆண் பூச்சிகள் அங்கேதான் இறங்கும். மர உச்சியில் திரிவதிலும் சிலது வரும்.