ஆபீஸ் கரண்ட் பில்லைக் குறைக்க: கம்ப்யூட்டர், பிரின்டர், யுபிஎஸ் கேள்வி பதில்

சின்ன அலுவலகங்களுக்கு கம்ப்யூட்டர், பிரின்டர், யுபிஎஸ் பராமரிப்பதுதான் என் தொழில். கரண்ட் பில் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கணக்குதான், 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

சார், எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் 10 டெஸ்க்டாப் இருக்கிறது. காலையில் ஆன் ஆக நேரம் எடுக்கிறது என்று இரவில் யாரும் அணைப்பதில்லை, மானிட்டரை மட்டும் அணைக்கிறோம். அதிலேயே பாதி மிச்சம்தானே? (ஈரோடு)

பாதி மிச்சமாகாது. இப்போதைய 22 இன்ச் எல்இடி மானிட்டர் சுமார் 20 வாட்தான் எடுக்கும், சிபியு பெட்டியோ சும்மா நின்றாலே 40, 50 வாட் இழுக்கும். வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் ஆபீஸ் நடப்பது 48 மணி நேரம் என்று வைத்தால் மீதி 120 மணி நேரமும் ஆளில்லாத அறையில் பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 10 பெட்டி, தலைக்கு 50 வாட், 120 மணி நேரம் என்று பெருக்கிப் பாருங்கள், வாரத்துக்கு 60 யூனிட் வரும், மாதத்துக்கு 240 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கிற இலவச யூனிட் ஆபீஸ் இணைப்புக்குக் கிடையாது, அத்தனைக்கும் காசு கட்டுகிறீர்கள்.

ஸ்லீப்பில் (வேலையை மெமரியில் வைத்துக்கொண்டு தூங்கும் நிலை) போட்டால் ஒரு பெட்டிக்கு 2, 3 வாட் போதும், வாரம் முழுக்கப் பத்துக்கும் சேர்த்து மூன்று நான்கு யூனிட்டில் முடிந்துவிடும், காலையில் சில நொடியில் எழுந்தும் விடும். ஆனால் ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால் சேமிக்காத வேலை போய்விடும். அதனால் பகலில் 15 நிமிடம் சும்மா இருந்தால் ஸ்லீப், இரவுக்கு ஹைபர்னேட் என்று செட் பண்ணுங்கள். ஹைபர்னேட்டில் எல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும், பிளக்கைப் பிடுங்கினாலும் கவலையில்லை.

அடிக்கடி ஆன், ஆஃப் செய்தால் அதற்கே அதிக கரண்ட் ஆகும், மெஷினும் கெட்டுப்போகும் என்கிறார்களே?

கரண்ட் அதிகமாகாது. ஆன் ஆகும்போது இழுக்கிற கூடுதல் மின்சாரம் ஒரு நிமிடம் கூட நீடிக்காது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை அணைத்துப் போடுவதால் மெஷினுக்கும் ஒன்றும் ஆகாது, தைரியமாக அணையுங்கள்.

ஸ்கிரீன்சேவர் போட்டு வைத்தால் போதாதா அண்ணா?

போதாது. பழைய டப்பா மானிட்டரில் ஒரே படம் நின்று திரையில் பதிந்துவிடாமல் காக்க வந்தது அது. எல்இடி திரையில் அது ஓடினால் பின்விளக்கு முழுசாக எரிந்துகொண்டுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு, 5 நிமிடத்தில் திரை அணைகிற மாதிரி வையுங்கள்.

ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். லேசர் பிரின்டர் ஒன்று, இங்க்ஜெட் ஒன்று. இரண்டையும் இரவில் சுவிட்ச் போர்டிலேயே அணைக்கலாமா?

லேசரை அணைக்கலாம். அதற்குள் டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்டுகிற ஒரு சூடான உருளை இருக்கிறது, கிட்டத்தட்ட 200 டிகிரி வரை போகும், பிரின்ட் ஆகும்போது நூற்றுக்கணக்கான வாட் இழுப்பது அதுதான். பகலில் ஒவ்வொரு தாளாக அனுப்பினால் அந்த உருளை ஆறி ஆறிச் சூடாக வேண்டியிருக்கும், முடிந்தவரை சேர்த்து அடியுங்கள். இதே காரணத்துக்காக லேசரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது, சூடாகும் நொடியில் சின்ன யுபிஎஸ் தாங்காது.

இங்க்ஜெட் விஷயம் வேறு. நேராக போர்டில் அணைத்தால் மை தெளிக்கிற ஹெட் மூடப்படாமல் நின்று மை காய்ந்துவிடும். அப்படி அணைத்து மறுபடி ஆன் செய்யும்போது ஹெட்டைக் கழுவ மை செலவாவதும் உண்டு, அது சேமித்த கரண்டைவிட விலை அதிகம். அதன் சொந்தப் பட்டனில் அணைத்து, பிளக்கை அப்படியே விடுங்கள்.

ஏசி அறையில் ஆன்லைன் யுபிஎஸ்ஸும் சர்வரும் வைத்திருக்கிறோம். யுபிஎஸ் பக்கத்தில் கை வைத்தாலே சூடு. இது சரியா? (கோவை)

ஆன்லைன் யுபிஎஸ் லைனில் வரும் மின்சாரத்தை (மாறு மின்சாரம்) எப்போதும் பேட்டரி மாதிரியான நேர் மின்சாரமாக்கி, மறுபடியும் மாறு மின்சாரமாக்கிக்கொண்டே இருக்கும், அதில் நூற்றுக்கு 10 வரை சூடாகப் போவது சகஜம். அந்தச் சூட்டை வெளியே தள்ள அறையின் ஏசி இன்னொரு தடவை கரண்ட் எடுக்கும், சுமாராக மூன்று வாட் சூட்டுக்கு ஒரு வாட். எல்லா டெஸ்க்டாப்பையும் அதில் கோத்து வைக்காமல், சர்வரையும் நெட்வொர்க் கருவிகளையும் மட்டும் அதில் வையுங்கள், மற்றதற்குச் சாதாரண லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் (கரண்ட் போனால் மட்டும் பேட்டரிக்கு மாறுவது) போதும். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்கிறது, 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் ரேட்டிங் உள்ள புது அறை ஏசி எல்லாம் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்குகிற மாதிரிதான் வர வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது.

டார்க் மோட் (திரையில் கறுப்புப் பின்னணி) வைத்தால் மிச்சமா?

ஓஎல்இடி திரை (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது) என்றால் மிச்சம். பின்விளக்கு எரியும் சாதாரண எல்சிடி, எல்இடி மானிட்டரில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை, அதற்குப் பதில் பிரைட்னஸைக் குறையுங்கள்.

பழைய டெஸ்க்டாப்பை எல்லாம் தூக்கிவிட்டு மினி பிசி (கையடக்கக் குட்டிக் கம்ப்யூட்டர்) வாங்கலாமா?

கரண்டுக்காக மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். பழையது 70 வாட், மினி பிசி 20 வாட் என்றால் தினம் 9 மணி நேரம், மாதம் 25 நாளில் மிச்சமாவது 11 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். புது மெஷின் விலையை அந்த யூனிட்டுக்கான காசால் வகுத்தால் எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே பாருங்கள். அதோடு ஒரு கம்ப்யூட்டரைச் செய்வதற்கே ஏராளமான மின்சாரமும் தண்ணீரும் செலவாகிறது, ஓடுகிற மெஷினைக் குப்பையில் போடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்புக் கருவி) போட்டு இன்னும் சில வருடம் ஓட்டுங்கள். எப்படியும் மாற்ற வேண்டிய நாள் வரும்போது கண்டிப்பாக மினி பிசியோ லேப்டாப்போ வாங்குங்கள்.

எல்லாம் அணைத்துப் பார்த்தும் பில் பெரிசாகக் குறையவில்லை சார்.

சுடுதண்ணீர் வரும் டிஸ்பென்சர் இருக்கிறதா? அதன் ஹீட்டர் ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீரைச் சூடு பண்ணிக்கொண்டே இருக்கும், பின்பக்கம் சுடுதண்ணீருக்குத் தனி சுவிட்ச் இருக்கும், கடைசியாகக் கிளம்புகிறவர் அதை அணைக்கட்டும். அப்புறம் வாட் காட்டும் ஒரு பிளக் மீட்டர் வாங்கி, ஒவ்வொரு கருவியாக ஒரு நாள் முழுக்க மாட்டிப் பாருங்கள். வந்த எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.